தப்பும் டிஜே பெட்டியும்

போன பங்குனியில் நடந்தது. சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவே ஒரு ஊர். ஊர்ப்பேரை எழுதவில்லை, எழுதினால் என் மருமகன் அந்த ரோட்டில் மறுபடி பைக் ஓட்ட முடியாது.

என் அக்கா மகன் அவன். பகலில் பயராபீஸ் வேலை, ஃபேன்ஸி வெடிகளுக்குக் குழாய் சுற்றுகிற பிரிவு. ராத்திரியில் டிஜே. முன்பெல்லாம் எங்கள் பக்கம் 'ரேடியோ செட்டுக்காரர்' என்று ஒருவர் இருப்பார். வேப்பமரத்தில் குழாய் கட்டி விடியவிடிய எல்.ஆர். ஈஸ்வரியைப் பாடவிடுவார். அந்த இடத்துக்கு இப்போது டிஜே வந்துவிட்டான். கடன் வாங்கி நாலு பெரிய பெட்டி, பழைய லேப்டாப், பாட்டைக் கலந்து அடிக்கிற ஒரு மெஷின், பலவண்ண லைட்டு. "எங்க தாத்தா கொட்டு அடிச்சாரு. இவன் பகல்ல குழா சுத்துறான், ராத்திரி குழா கட்டுறான். எல்லாம் அடுத்தவன் திருநாளுக்குத்தான்" என்பாள் அக்கா.

அவன் செட்டுக்கு இந்த வட்டாரத்தில் ஒரு பேர் இருக்கிறது. காரணம் அவன் பண்ணுகிற கிசும்பு. சினிமாப் பாட்டை ஓட்டிவிட்டு ஓரமாய் உட்காருகிற ஆள் இல்லை. நையாண்டி மேளத்து நாயனத்தைத் துண்டு துண்டாய் வெட்டி மெஷின் அடியில் ஒட்டுவான். உறுமியை இழுத்து இழுத்து யாரோ வயிற்றுவலியில் முனகுகிற மாதிரி ஆக்குவான். பயராபீஸ் ஃபோர்மேன் குரலில் தானே பேசிப் பதிவு செய்து வைத்திருக்கிறான் (ஆபீஸுக்குள் போன் கொண்டுபோக முடியாது): "ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல நிக்காதீங்க! கதவத் தெறந்து வைய்யி!" அடி ஏறி ஏறி உச்சிக்குப் போகிற நேரத்தில் எல்லாச் சத்தத்தையும் அறுத்துவிட்டு இந்தக் குரலை மட்டும் விடுவான். மறு நொடி பெட்டி அதிரும். கூட்டம் நாலு நாலு பேராகப் பிரிந்து நின்று ஆடும். பட்டாசு வேலை பார்க்கிற ஊர்களில் இந்தச் சிரிப்புக்கு விளக்கம் தேவையில்லை. நாலு பேர் விதி சட்டப் புத்தகத்தில் இருப்பது. அது எத்தனை ரூமில் காக்கப்படுகிறது என்பது ஆடுகிறவர்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு அவனைக் கூப்பிட்டது எங்கள் ஆட்கள் இல்லை. ஊர்த்தெரு. டவுனில் உள்ள ஒரு ஏஜெண்டு மூலமாகப் போன செட்டு, ஆள் யார் என்று விசாரிக்காமல் அழைத்துவிட்டார்கள். ஒன்பது மணி வாக்கில் 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டை மெஷின் அடியில் போட்டிருக்கிறான். தெருவே ஆடியிருக்கிறது. மீசைக்காரர்கள், வேட்டியை மடித்துக் கட்டியவர்கள், நாட்டாமை வீட்டுப் பையன்கள். நிலமில்லாதவன் தன் பாட்டன் பூட்டனைச் சொல்லிப் பாடிய பாட்டுக்கு நிலம் வைத்திருக்கிறவர்கள் தோளில் துண்டைச் சுழற்றி ஆடியிருக்கிறார்கள். எனக்குப் போன் போட்டான். பின்னால் சத்தம் காதைப் பிளந்தது. "மாமா, கேக்குதா? நம்ம பாட்டுக்கு அவங்கள ஆடவச்சிட்டேன்!"

எனக்கு உடனே சந்தோசம் வரவில்லை. ஆடவைத்தவன் யார், ஆடினவன் யார்? இதில் ஜெயித்தது யார்? அன்றைக்கு ராத்திரி அதற்குப் பிறகு நடந்ததைப் பின்னால் சொல்கிறேன். முதலில் இந்தக் கேள்வி.

எங்கள் தாத்தா தப்பு அடித்தவர். ஊர்ப்பொங்கலுக்கு அடிப்பது அவருக்கு வேலை இல்லை, கடமை. அதற்கெனத் தனிக்கூலி கிடையாது. களத்தில் அளக்கிற தானியத்தோடு சேர்ந்தது. அன்றைக்குச் சோறும் கொஞ்சம் சாராயமும், அதுவும் கோயிலுக்குப் பின்னால். சாமி புறப்பட்டதும் அடிக்கத் தொடங்கினால் சாமி திரும்பி உள்ளே போகிறவரை நிறுத்தக்கூடாது. பனியில் தோல் தொய்ந்துபோனால் வைக்கோல் கொளுத்திக் காய்ச்சவேண்டும். காய்ச்சுகிற நேரத்துக்கு இன்னொருத்தன் அடியை விடாமல் பிடித்துக்கொள்ளவேண்டும். ஒரு தடவை கையில் ரத்தம் கட்டி நடுரோட்டில் நிறுத்திவிட்டார். அபராதம் போட்டார்கள். காலில் விழவேண்டியிருந்தது. அதை அவர் சொல்லும்போது அபராதத் தொகையைச் சரியாகச் சொல்வார், காலில் விழுந்ததைச் சொல்லும்போது மட்டும் வேறு பக்கம் பார்ப்பார்.

ஆனால் அவரிடமும் கிசும்பு இருந்தது. மாலை மரியாதை வாங்க மொதலாளி முன்னால் வந்து நிற்கிற சமயம் பார்த்து, சாமி அடிக்கு நடுவே சாவு அடியில் ஒரு துண்டை நுழைத்துவிடுவாராம். இரண்டு மூன்று தட்டுத்தான். எங்கள் தெரு ஆட்களுக்கு மட்டும் புரியும். பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வார்கள். மொதலாளியோ அந்தத் தட்டுக்கும் சேர்த்துத் தலையை ஆட்டுவார். என் மருமகன் லேப்டாப்பில் செய்வது இதைத்தான். வெட்டி ஒட்டுகிற வித்தை அமெரிக்காவிலிருந்து வந்தது என்று அவன் நம்பிக்கொண்டிருக்கிறான்.

தொண்ணூறுகளில் நான் மதுரையில் படித்துக்கொண்டிருந்தேன். தலித் கலைவிழாக்கள் நடந்த காலம். அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, எல்லோருக்கும் பரட்டை அண்ணன், கர்நாடக சங்கீதத்தை ஒதுக்கிவிட்டு நாட்டுப்புற மெட்டில் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையை எடுத்தார்கள். அப்போது நமக்குள் பெரிய சண்டை. பறையைத் தூக்கிப் போடுவதா, தூக்கிப் பிடிப்பதா? சாவுக்கும் திருவிழாவுக்கும் இனி அடிக்கமாட்டோம் என்று ஊர் ஊராகப் பறையைக் கீழே வைத்தவர்கள் ஒரு பக்கம். அதற்காக அடிபட்டார்கள், ஊர்விலக்கத்துக்கு ஆளானார்கள். இழிவு கருவியில் இல்லை, அதை எதிர்ப்பின் கருவியாக்குவோம் என்றவர்கள் மறுபக்கம். நான் முதல் பக்கம். விடுமுறையில் வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் ஒரு பிரசங்கமே செய்தேன். அடிமைச் சின்னம், சாதியக் கட்டமைப்பு, எல்லாம். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"தப்பு அடிக்கிறதுல என்னடா தப்பு? அவன் நிறுத்துன்னாத்தான் நான் நிறுத்தணும். அதுலதான்டா தப்பு."

அந்த வயதில் இது எனக்குப் பழைய தலைமுறையின் சமாளிப்பாகத்தான் பட்டது. பக்தினைப் பற்றி நம் சிறுபத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த நேரம். திருவிழா என்பது தலைகீழாக்கம், ராஜாவைக் கோமாளியாகவும் கோமாளியை ராஜாவாகவும் மாற்றிப்போடும் கொண்டாட்டம், கேலியே கலகம். படிக்கப் படிக்க உற்சாகமாக இருக்கும். பிறகு பஸ் ஏறி ஊருக்கு வந்தால் இங்கே தேர் எங்கள் தெரு முனையோடு திரும்பிவிடும். பக்தின் சொன்ன திருவிழாவில் ஆடுகிறவன், பார்க்கிறவன் என்ற கோடு கிடையாது. இங்கே அந்தக் கோட்டின் மேல்தான் திருவிழாவே நடக்கிறது.

கேலியைக் குறைத்துச் சொல்லவில்லை. இந்த மாவட்டம் கேலிக்குப் பேர்போனது. வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு பேர் வந்தார்கள். அண்ணன் ராஜ் கௌதமன், 2024-இல் நம்மை விட்டுப் போய்விட்டார். தன்னையே ஈவிரக்கமில்லாமல் கேலி செய்துகொண்டு 'சிலுவைராஜ் சரித்திரம்' எழுதியவர். தங்கை பாமா. 1992-இல் 'கருக்கு', 1996-இல் ஒரு சிறுகதைத் தொகுப்பு. அதன் பேரே 'கிசும்புக்காரன்'. கிசும்பு என்பது வெறும் நக்கல் இல்லை. மொதலாளி முகத்துக்கு நேரே, அவர் கோபப்படமுடியாத மாதிரி, கோபப்பட்டால் அவருக்கே அசிங்கம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை விடுவது. கையில் வேறு ஆயுதம் இல்லாதவன் நாக்கில் வைத்திருப்பது.

ஆனால் அந்த நாக்கை மொதலாளியும் பயன்படுத்தத் தெரிந்தவர். என் அக்கா ஏழு வயதில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனாள். விடியுமுன்னே ஆபீஸ் பஸ் வரும், தூங்குகிற பிள்ளைகளை அள்ளிப்போட்டுக்கொண்டு போகும். சிவகாசியின் குழந்தை உழைப்பு பற்றி உச்சநீதிமன்றம் பெரிய தீர்ப்புச் சொன்னது 1996 டிசம்பரில். அதற்குள் அக்காவுக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது. கட்டை அடுக்கிக்கொண்டே பிள்ளைகள் பாட்டுக் கட்டுவார்களாம். கணக்குப்பிள்ளையின் தொந்தி, அவருடைய சைக்கிள், அவர் பெண்டாட்டி அவரைத் திட்டுவது, எல்லாம் பாட்டில் வரும். "அந்தாளு கோவப்படமாட்டாரா?" என்று கேட்டேன். "கோவமா? நின்னு ரசிச்சுக் கேப்பாரு. பாட்டுன்னா கட்டை வேகமா ஓடும்ல" என்றாள்.

இதை நான் முப்பது வருசமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் அவரைக் கேலி செய்தது உண்மை. அந்தக் கேலியால் அவருடைய கட்டை கூடியதும் உண்மை. ஒரே பாட்டு.

அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகள் 'கேக்வாக்' என்று ஒரு ஆட்டம் ஆடினார்கள். வெள்ளைக்கார எசமானும் எசமானியும் விருந்தில் நெஞ்சை நிமிர்த்தி விறைப்பாக நடப்பதை அப்படியே மிகைப்படுத்தி நடந்துகாட்டுவது. எசமான்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துச் சிரித்து, நன்றாக ஆடியவனுக்கு ஒரு கேக்கைப் பரிசாகக் கொடுப்பார்கள். தங்களைத்தான் கேலி செய்கிறான் என்று அவர்களில் பலருக்குப் புரியவே இல்லை. பிறகு முகத்தில் கரி பூசிக்கொண்ட வெள்ளைக்காரர்களே மேடையில் அந்த ஆட்டத்தை ஆடிக் காசு பார்த்தார்கள்.

டிஜே பிள்ளைகள் இன்றைக்கு அடிக்கிற மெஷின் தாளத்தின் கதையும் ஏறக்குறைய இதுதான். சிகாகோவில் 'வேர்ஹவுஸ்' என்று ஒரு கிளப். 1977-இலிருந்து அங்கே ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற கறுப்பர் பாட்டுத்தட்டுகளைக் கலந்து போட்டார். வந்து ஆடியவர்கள் பெரும்பாலும் கறுப்பர்கள், லத்தீன் மக்கள், வேறெங்கும் நிம்மதியாக ஆட இடமில்லாத ஒருபாலீர்ப்பாளர்கள். அந்தக் கிளப்பின் பேரிலிருந்துதான் 'ஹவுஸ்' இசைக்குப் பேர் வந்தது. அதே ஊரில் 1979 ஜூலை 12 அன்று, ஒரு பேஸ்பால் மைதானத்தில், இரண்டு ஆட்டங்களுக்கு இடைவேளையில், டிஸ்கோ இசைத்தட்டுகளைப் பெட்டி நிறையக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து ஆர்ப்பரித்தது. அன்று அந்த வெடி எந்த ஊர் வெடியோ, எங்கள் ஊர் வெடி இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். கறுப்பர் இசையை வெடிவைத்த நாட்டிலும் ஐரோப்பாவிலும் பிறகு அந்தத் தாளத்தை வைத்துத்தான் லட்சம் பேர் கூடுகிற திருவிழாக்கள் கோடிகளில் நடந்தன. மேடையில் பெரும்பாலும் யார் நின்றார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

நம் கதைக்கு வருவோம். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதிபேதமற்ற தமிழர்' என்பதிலிருந்து எடுத்த பேர். கானா, ராக், ராப், பறை, சட்டி எல்லாம் கலந்து, இட ஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் சிரிக்கச் சிரிக்கப் பாடினார்கள். கோட்டாவில் வந்தவன் என்று காலேஜில் நம்மைக் கேலி செய்தவனை நாம் திரும்பிக் கேலி செய்கிற பாட்டு நமக்கு அதுவரை மேடையில், மைக்கில், இத்தனை வெளிச்சத்தில் கிடைத்ததில்லை. அந்தக் குழுவிலிருந்து வந்த அறிவு 2019-இல் ஆஃப்ரோ என்ற இசையமைப்பாளரோடு 'தெருக்குரல்' என்ற தொகுப்பை வெளியிட்டார். கம்ப்யூட்டர் அடி, அதன் மேல் நக்கலும் கோபமுமாக வேகமாக விழுகிற சொல். என் மருமகன் அதை மனப்பாடமாகச் சொல்வான். அம்பேத்கரை அவன் படித்ததைவிட இதைக் கேட்டதுதான் அதிகம். அதில் எனக்குக் குறையும் உண்டு, நிம்மதியும் உண்டு.

பிறகு 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி'. தீயும் அறிவும் பாடியது, சந்தோஷ் நாராயணன் இசையமைப்பு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இங்கே திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் அறிவின் பாட்டி. பாட்டின் வேர் அங்கே இருக்கிறது. ஒப்பாரியை எடுத்து ஆட்டப் பாட்டாக்கியிருக்கிறார்கள். அந்தச் சொல்லைப் பாருங்கள்: எஞ்சாமி. பண்ணையாரைப் பார்த்துக் கைகட்டிச் சொன்ன சொல். அதே வாயால் பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும்போதும் சொல்கிற சொல். ஒரே சொல்லில் அடிமைத்தனமும் அன்பும். தாத்தா சாமி அடிக்குள் சாவு அடியை வைத்த மாதிரி.

எங்கள் பக்கத்தில் அந்தப் பாட்டு வந்து விழுந்த நேரம் எது? அதற்கு மூன்று நாலு வாரம் முன்பு, 2021 பிப்ரவரி 12 அன்று, சாத்தூர் பக்கம் அச்சன்குளத்தில் பயராபீஸ் வெடித்து 20 பேருக்கு மேல் செத்திருந்தார்கள். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி வெடிப்பில் ஏறத்தாழ 40 பேர் போனதற்குப் பிறகு எங்களை அப்படி உலுக்கியது அதுதான். வேலைக்குப் போன பெண்களின் செருப்பு மட்டும் வெளியே கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்தப் பங்குனித் திருவிழாவில் எல்லா ஊர் ரேடியோ செட்டிலும் இந்தப் பாட்டு. பிள்ளைகள் ஆடினார்கள். ஒரு கிழவி, ஆடுகிற கூட்டத்துக்கு நடுவே நின்று மாரில் அடித்து அழுதுகொண்டிருந்தாள். பாட்டில் ஒப்பாரி இருப்பது அவளுக்கு மட்டும்தான் சரியாகக் கேட்டது. மெஷின் பாட்டைப் பண்பாட்டுச் சீரழிவு என்று முகம் சுளிக்கிற நம் தோழர்கள் அன்று அங்கே இருந்திருக்கவேண்டும்.

பாட்டு உலகம் பூராவும் போனது. பிரெஞ்சு டிஜே ஒருவர், டிஜே ஸ்னேக், அதை எடுத்துத் தன் பாணியில் கலந்தார். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில் தீயும் இன்னொரு பாடகரும் இருந்தார்கள், எழுதிப் பாடிய அறிவு இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகு, அறிவுக்கு இன்னொரு அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் உலக நாடுகளின் முன்னால் இதே பாட்டு பாடப்பட்டது. மேடையில் அறிவு இல்லை. அவர் தன் மனக்குறையை எழுதினார். மற்ற இருவரும், உரிய பங்கையும் பேரையும் கொடுத்தோம் என்று தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள். 2024-இல் சந்தோஷ் நாராயணனே, அந்தப் பாட்டிலிருந்து இதுவரை தனக்கு வருமானம் எதுவும் வரவில்லை என்றார். யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எனக்குத் தெரிகிறது இவ்வளவுதான்: தாத்தா இல்லாமல் தப்பு அடிக்கமுடியாது. அவர் கையை எடுத்தால் சத்தம் நின்றுவிடும். அதனால்தான் கையை எடுத்ததற்கு அபராதம் போட்டார்கள். இன்றைக்குப் பாட்டு பதிவாகிவிட்டால் பாடியவன் கையை எடுத்தாலும், அவனை இறக்கிவிட்டாலும் அது தன்பாட்டுக்கு ஓடும். நிறுத்தச் சொல்கிற உரிமை அவனுக்கு இல்லை என்பது மட்டுமில்லை, அவன் நிறுத்தினாலும் நிற்காது.

யார் ஆடுகிறான், எதற்கு ஆடுகிறான் என்று பார்த்து நாம் கணக்குப் போடுகிறோம். 'அவனே நம் பாட்டுக்கு ஆடிட்டான், சாதி உடைஞ்சிருச்சு' என்று ஒரு கூட்டம். 'நம் வலியை வைத்து அவன் ஆடுறான், வெட்கக்கேடு' என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேரும் ஆடுகிறவன் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தாத்தா சொன்னது அடிக்கிறவன் கையைப் பாரு என்று. அந்தக் கை நினைத்தால் நிறுத்த முடியுமா?

நாங்கள் செய்கிற வெடியும் இதே கணக்குத்தான். இந்தியாவில் வெடிக்கிற பட்டாசில் பெரும்பங்கு இந்த வட்டாரத்தில் செய்வது. கையில் அலுமினியத் தூள் வெள்ளி மாதிரி ஒட்டியிருக்கும். சோற்றில் அதன் ருசி வரும். அடுத்தவன் வாசலில் அது பூவாய்ச் சிரிக்கும். சத்தத்தை நிறுத்துவது எப்படி என்று அரசாங்கத்துக்கும் கோர்ட்டுக்கும் தெரியும். 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சரவெடி கூடாது, பேரியம் கூடாது, தீபாவளிக்கு ராத்திரி எட்டிலிருந்து பத்துவரைதான் என்றது. டெல்லிக் காற்றுக்கு அது நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் சரம் பின்னிய பெண்களிடம் நாளையிலிருந்து என்ன செய்வாய் என்று யாரும் கேட்கவில்லை. தொடங்கும்போதும் கேட்டதில்லை, நிறுத்தும்போதும் கேட்டதில்லை.

இந்த மாவட்டத்தில் பேர்கூட அப்படித்தான். 1997-இல் விருதுநகரைத் தலைமையாக வைத்து ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்தார்கள். தாழ்த்தப்பட்டவன் பேர் போட்ட பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கலவரம். ஊர்கள் எரிந்தன, உயிர்கள் போயின. கடைசியில் அரசாங்கம் கண்ட தீர்வு, எல்லாத் தலைவர் பேரையும் எல்லாப் பஸ்ஸிலிருந்தும் மாவட்டத்திலிருந்தும் எடுத்துவிடுவது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்படித்தான். எரித்தவனுக்கும் எரிபட்டவனுக்கும் ஒரே நீதி.

இதே நீதியை இப்போது பாட்டில் பார்க்கிறோம். ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு மதுரைக் கிளைக்குப் போனால் உயர்நீதிமன்றம் சில நிபந்தனைகளோடு கொடுக்கும். ஆபாசம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, கட்சி, மதம், சாதி பற்றிய பாட்டு கூடாது, சாதித் தலைவர் பேனர் கூடாது. தென்மாவட்டத்தில் சாதிப் பெருமைப் பாட்டு எத்தனை மண்டையை உடைத்திருக்கிறது என்று தெரிந்தவர்கள் இதைக் குறை சொல்லமுடியாது. நானும் சொல்லவில்லை. ஆனால் சாதி வேண்டும் என்கிற பாட்டும் சாதி வேண்டாம் என்கிற பாட்டும் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன.

அந்த ராத்திரிக்கு வருகிறேன். 'எஞ்சாமி' முடிந்து, ஃபோர்மேன் குரல் முடிந்து, ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது நாலைந்து பேர் பெட்டிப் பக்கம் வந்திருக்கிறார்கள். "தம்பி, நம்ம ஆளுங்க பாட்டு ஒண்ணு போடு." அரிவாளும் வம்சமும் வருகிற பாட்டு. அதை அங்கே போட்டால் பாதி மைலில் இருக்கிற எங்கள் ஆட்களின் தெருவுக்கு அது கேட்கும். கேட்கவேண்டும் என்பதற்காகத்தான் போடச் சொல்கிறார்கள். இவன் சொன்னானாம்: "அண்ணே, போலீஸ் கண்டிசன்ல சாதிப்பாட்டு கூடாதுன்னு இருக்கு."

அதற்கு அவர்களில் ஒருத்தன், படித்த பையன் போலிருக்கிறது, சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறான்: "அப்ப இவ்வளவு நேரம் நீ போட்டது மட்டும் என்ன பாட்டு?"

அந்தக் கேள்விக்கு என் மருமகனிடம் பதில் இல்லை. யோசித்துப்பார்த்தால், ஆடிய அத்தனை பேரில் பாட்டைச் சரியாகக் கேட்டவன் அவன் ஒருத்தன்தான். மற்றவர்கள் தாளத்துக்கு ஆடினார்கள். அவன் எல்லாம் தெரிந்தே ஆடியிருக்கிறான். நம் கேலி புரிந்தால் அவன் திருந்துவான் என்று நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். புரிந்துகொண்டே ஆடி, புரிந்துகொண்டே தன் பாட்டைக் கேட்கிறவனை என்ன செய்வது?

இவன் குனிந்து ஒரு வயரைப் பிடுங்கிவிட்டான். பெட்டி, லைட்டு எல்லாம் செத்துப்போனது. "ஜெனரேட்டர்ல டீசல் தீந்துருச்சுண்ணே!" என்று இருட்டில் கத்தியிருக்கிறான். ஒரே கூச்சல், வசவு. பாக்கிப் பணம் வரவில்லை. ஒரு பெட்டியின் வலையை யாரோ மிதித்துக் கிழித்துவிட்டார்கள். குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு.

காலையில் நான்தான் கேட்டேன். "ஏன்டா பொய் சொன்ன? அந்தப் பாட்டைப் போடமாட்டேன்னு நேரா சொல்லவேண்டியதுதான?"

"நேரா சொல்லிட்டு பெட்டிய யாரு மாமா தூக்கிட்டு வர்றது?"

பொய் சொல்லி நிறுத்தினால் அது நிறுத்தியதாகுமா? அறம் பேசுகிற புத்தகங்களைக் கேட்டால் ஆகாது என்றுதான் சொல்லும். தான் யார், ஏன் நிறுத்துகிறான் என்று சொல்லாமல் நிறுத்துகிறவன் அடுத்த ராத்திரி அதே வேலைக்குப் போகவேண்டியவன். எதிராளிக்குத் தான் மறுக்கப்பட்டது தெரியவே தெரியாது. கிசும்பின் எல்லை அதுதான். ஆனால் தாத்தாவுக்கு டீசல் தீர்ந்துபோகிற வசதிகூட இல்லை. மூன்று தலைமுறையில் எங்களுக்குக் கிடைத்தது, பொய் சொல்லி நிறுத்துகிற அளவு இடம். நேராகச் சொல்ல முடிகிற இடம் அவன் லேப்டாப்பில் இல்லை, பாதி மைலில் இருக்கிற தெருவில் இருக்கிறது. அந்தத் தெரு மறுநாள் காலையில் அவனுக்காக எழுந்து நிற்குமா என்பதில் இருக்கிறது. இதைச் செய்யவேண்டியவர்கள் இசைக்குழுக்கள் இல்லை, நாம். நாம் இன்னும் பாட்டு சரியா தப்பா என்று கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறோம். (இதையும் சேர்த்துத்தான்.)

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அக்கா கடைசியில் ஒன்று சொன்னாள். "நீ பெருசா எழுது. அவன் போடுற பாட்டுல பாதி பொம்பளயக் கேவலப்படுத்துற பாட்டு. அதுக்கு எப்ப டீசல் தீரும்னு கேளு." அவன் தலையைச் சொறிந்தான். கரகாட்ட மேடையிலும் நையாண்டி மேளத்திலும் காலங்காலமாகச் சிரிப்பு அப்படித்தான் வந்தது. பண்ணையாரைக் குத்துகிற வாய், மறு நிமிசம் குறத்தி வேசம் கட்டிய பெண்ணின் இடுப்பைப் பற்றிப் பேசும். குறவர் மக்கள் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகவேண்டியிருந்தது. நம் கிசும்புக்குக் கீழேயும் ஒருத்தர் இருக்கிறார்கள். நிறுத்து என்று அவர்கள் சொன்னபோது நாம் எத்தனை நேரம் கழித்து நிறுத்தினோம்?

போன மாதம் அவன் சிவகாசியில் தெரிந்த பிரஸ்ஸில் ஒரு பில்புக் அடித்துக்கொண்டு வந்தான். மேலே செட்டின் பேர், இரண்டு பக்கமும் பெட்டிப் படம், கீழே பொடி எழுத்தில் நிபந்தனைகள். அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது. டீசல் செலவு விழாக்குழுவினருடையது. மூன்றாவதாக: 'பாட்டுத் தேர்வும் நிறுத்தும் நேரமும் செட் உரிமையாளரின் முடிவுக்கு உட்பட்டது.' பெண்களை இழிவுபடுத்தும் பாட்டு போடப்படமாட்டாது என்பதை அக்கா பேனாவால் நாலாவதாக எழுதி வைத்திருக்கிறாள், ஐம்பது தாளிலும்.

அந்த ஊரிலிருந்து மறுபடி போன் வந்திருக்கிறது. ஆடிப்பொங்கலுக்கு இதே செட்டு வேண்டுமாம், ஃபோர்மேன் குரல் கட்டாயம் வேண்டுமாம். "பில்லு போட்டுத்தான் வருவேன், படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடணும்" என்று சொல்லியிருக்கிறான். யோசித்துச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். பில்புக் டிவி மேல் கிடக்கிறது. இன்னும் ஒரு தாளும் கிழிக்கவில்லை.